பன்னிரண்டாவது ஆள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்பியது யார் என்று பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கிழியுங்கள். நான் உங்கள் சித்தப்பா மகன். போன மாதம் இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டீர்கள். இரண்டாம் முறை, "உன் குரல் அப்படியே உங்கப்பா குரல். என்ன வேணுமோ எழுது" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். அதனால் எழுதுகிறேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வேலைத் தாளில் 'கயிறு மாற்றப்பட்டது, ஓடுகிறது' என்று எழுதுவதோடு சரி.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவும் பெரியப்பாவும் வேலை பார்த்த போர்க்கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். பழைய மாலுமிகள் சங்கம், பாய்லர் விபத்தில் இறந்தவர்களுக்குத் துறைமுகத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கிறது. மே 2ஆம் தேதி திறப்பு. கல்லில் பதினோரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு ஆள் ஒருவராவது வர வேண்டும் என்று சங்கத்தில் ஆசைப்படுகிறார்கள். தேடிப் பிடிக்கும் வேலை என் தலையில். அலுவலகத்தில் கிடைத்த விலாசங்கள் நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தையவை. அந்தத் தெருக்களில் பாதி இப்போது தெருவாகவே இல்லை. எப்படியோ ஒன்பது குடும்பங்களைப் பிடித்துவிட்டேன். இரண்டு பாக்கி.

பாய்லர் பிரிவு ஆட்கள் எல்லோரும் நிற்கிற போட்டோ ஒன்று பெரியப்பாவிடம் இருந்ததாம். பின்பக்கத்தில் யார் யார், எந்த ஊர், யாருக்குக் கடிதம் போட வேண்டும் என்றெல்லாம் அவர் கைப்பட எழுதியிருந்தாராம். எழுத வராதவர்களுக்கெல்லாம் அவர்தான் கடிதம் எழுதிக் கொடுப்பார் என்று அப்பா சொன்னார். அது உங்களிடம் இருந்தால் ஒரு வாரம் கொடுத்து உதவ வேண்டும். பத்திரமாகத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு.

கல்லை அப்பாதான் திறந்து வைக்கிறார். அந்தப் பிரிவில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்.

உங்கள் தம்பி


ஜனவரி 20

சின்னவர் மகனுக்கு,

'தம்பி' என்று எழுதக் கை வரவில்லை. கப்பலில் உன் அப்பாவைச் சின்னவர் என்றும் என் அப்பாவைப் பெரியவர் என்றும்தான் கூப்பிடுவார்கள். அதுவே இருக்கட்டும்.

உனக்கு நெஞ்சழுத்தம் அதிகம். என் அப்பா பெயரை விட்டுவிட்டு ஒரு கல் வைப்பீர்கள். அந்தக் கல்லுக்கு ஆள் பிடிக்க என் அப்பாவின் கையெழுத்தே வேண்டும். அதை என்னிடமே கேட்பாய், அதுவும் தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு.

பதினோரு பேர் இல்லை, பன்னிரண்டு பேர் இறந்தார்கள். எண்ணத் தெரியாவிட்டால் உன் அப்பாவைக் கேள். பன்னிரண்டாவது ஆளைப் பற்றி விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய், அதனால் நானே சொல்கிறேன். நகல் என்னிடம் இருக்கிறது. 'பணியில் இல்லாத நபர் ஒருவர் அனுமதியின்றி பாய்லர் அறைக்குள் நுழைந்து வால்வைத் தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம்.' இருக்கலாம்! ஒரே ஒரு 'இருக்கலாம்' வைத்துக்கொண்டு பதினோரு வீட்டையும் எங்கள் மேல் ஏவிவிட்டார்கள். என் ஒன்பதாவது வயதில் எங்கள் வாசலில் பெண்கள் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேய்த்ததையே மறுபடியும் மறுபடியும். மூன்று முறை வீடு மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் தச்சு வேலை என்று சொல்லச் சொன்னாள்.

விபத்து நடந்த அன்று பாய்லர் அறையில் இரண்டு மணிக்குத் தொடங்கும் வேலை முறை உன் அப்பாவுடையது. விசாரணையில் கேட்டபோது பத்து நிமிஷம் கழிப்பறைக்குப் போயிருந்தேன், அண்ணன் ஏன் உள்ளே வந்தான் என்று தெரியாது என்றார். அண்ணன் தம்பி இருவரையும் ஒரே முறையில் போடக் கூடாது, ஒருவருக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்பது கப்பலில் சட்டம். சட்டம் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஒருவர் மிஞ்சினார்.

நான் மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். தாளில் எழுதியிருப்பது ஒன்று, கட்டிலில் நடந்தது இன்னொன்று என்பது எனக்குப் புதிதில்லை. போட்டோ என்னிடம் இருக்கிறது. 'அன்று என் முறையில் நின்றது என் அண்ணன்' என்று உன் அப்பா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். போட்டோ மறுநாளே வரும்.

உன் பதில் உறையையே இதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படி முகத்தில் அடித்தாற்போல எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். இருந்தாலும் வலிக்கத்தான் செய்தது. நீங்கள் பட்டதற்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது. பெரியம்மா பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்கே போகவில்லை. பதினான்காவது மாடியில் ஒரு லிஃப்ட் நின்றுபோய் ஆட்கள் எனக்குப் போன் மேல் போன்.

ஆனால் அக்கா, நீங்கள் அப்பாவோடு பழகியே நாற்பது வருஷம் ஆகிறது. அவர் நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. வயது எழுபத்தொன்று. ஒரு காது சுத்தமாகக் கேட்காது. பாய்லர் சத்தத்தில் போனது. யார் மேலும் பழி போடுகிற மனுஷன் இல்லை. அண்ணனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அது துக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். அறிக்கை எழுதியவர்கள் தங்கள் மேல் பழி வராமல் பூசி மெழுகிவிட்டார்கள். அதற்கு அப்பா என்ன செய்வார்?

அவர் உயிர் தப்பியதே தலையெழுத்து. எங்கள் வீட்டில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்வோம். மறுநாள் முதல்முறையாக அம்மாவைப் பார்க்கப் போவதாக இருந்தாராம். கப்பலில் முடி வெட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பாதி வெட்டியாயிற்று, அப்போது வெடித்தது. காயம் ஒன்றும் இல்லை, அதிர்ச்சி என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நாலு நாள் கழித்து அம்மாவும் தாத்தாவும் பார்க்கப் போனால், பாதித் தலை காடு, பாதித் தலை மொட்டை. அந்தக் கோலத்தில்தான் அம்மா அவரை முதலில் பார்த்தாள். "அந்த ஆள வேண்டாம்னு சொல்லிருக்கணும். சிரிப்பு வந்துருச்சு, சரின்னுட்டேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் சண்டை அவர்களோடு போகட்டும். நாம் ஏன் சுமக்க வேண்டும்? அந்த இரண்டு குடும்பங்களை மனதில் வைத்துக்கொண்டாவது போட்டோவை அனுப்புங்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 7

சின்னவர் மகனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உன் அம்மா சிரித்த இடத்தை மட்டும் பத்து முறை.

என் அப்பா கப்பலிலிருந்து எழுதிய கடிதங்கள் முப்பத்தெட்டு என்னிடம் இருக்கின்றன. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒன்றில் முடி வெட்டிக்கொள்வதைப் பற்றி எனக்காக எழுதியிருக்கிறார். மேல்தளத்தில் ஒரே ஒரு நாற்காலி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். தலைக்கு அரை மணி. முறையில் இருப்பவனுக்குச் சீட்டுக் கிடையாது, முடி வெட்டுகிறவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து விரட்டிவிடுவார், முறை மாற்றிக்கொண்டு வந்தவன் என்றால் மட்டும் கண்டும் காணாததுபோல விட்டுவிடுவார். 'நல்ல மனுஷன்' என்று எழுதியிருக்கிறார் அப்பா.

இப்போது நீயே கணக்குப் போடு. முறை தொடங்கியது இரண்டு மணி. வெடித்தது இரண்டு நாற்பது. உன் அப்பாவின் தலையில் பாதி வெட்டியாகிவிட்டது. வரிசையில் நின்ற நேரத்தைச் சேர்த்தால், அவர் அன்று பாய்லர் அறைக்குள் கால் வைக்கவே இல்லை. பத்து நிமிஷக் கழிப்பறை எங்கே வந்தது? பத்து நிமிஷத்தில் மேல்தளம் ஏறி, சீட்டு வாங்கி, பாதித் தலை வெட்டிக்கொள்ள முடியுமா? நீ லிஃப்ட்காரன், சொல்.

நாற்பத்தாறு வருஷமாக நான் தேடியது உங்கள் வீட்டில் வேடிக்கைக் கதையாக ஓடியிருக்கிறது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். எழுதும்போதுகூட உனக்கு உறைக்கவில்லை.

உன் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் இடத்தில் நின்றது யார்?


மார்ச் 6

அக்கா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்றுக் காலை கேட்டேன்.

வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்று, "அப்பா, நீங்க முடி வெட்டிக்கிட்டிருந்தப்ப உங்க இடத்துல யாரு நின்னா?" என்றேன்.

"யாரு கேக்கச் சொன்னா?"

"அக்கா."

"எந்த அக்கா?"

"பெரியப்பா பொண்ணு."

எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தார். மூடி சரியாக உட்காரவில்லை, மூன்று நான்கு முறை திருகினார். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணன்தான் சொன்னான். 'இப்படிப் பரட்டத் தலையோட போய் நின்னா அந்தப் பொண்ணு கதவச் சாத்திடும்டா. போய் வெட்டிக்கிட்டு வா, நான் நின்னுக்கறேன்'னான். ரெண்டு மணிக்கு நம்பர் கூப்பிட்டாங்க. என் நம்பருக்கு அவன் 'உள்ளேன்'னு சொல்லிட்டான். உள்ள புகையும் சத்தமும், எல்லார் மூஞ்சியும் ஒரே கரி. யாரு பாக்கப் போறா? மத்தவங்க முறை மாத்திக்கிட்டா திட்டோட போயிடும். அண்ணன் தம்பி மாத்திக்கிட்டா வேலையும் போயிடும், உள்ளயும் வெச்சிருவாங்க. வெடிச்சப்பறம் மூணு பேர் மேசை போட்டு உக்காந்து விசாரிச்சாங்க. 'உன் முறைதானே, எங்க இருந்த?'ன்னாங்க. கழிப்பறை, பத்து நிமிஷம்னேன். 'உன் அண்ணன் ஏன் உள்ள போனான்?'னாங்க. தெரியாதுன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மிச்சத்த அவங்களே எழுதிக்கிட்டாங்க."

வால்வைப் பெரியப்பா தொட்டாரா என்று கேட்டேன். "அந்த வால்வு ஒரு மாசமா கசிஞ்சிக்கிட்டிருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மாதிரி வேலக்காரன் அந்தக் கப்பல்லயே கெடயாது" என்றார்.

நீங்கள் சொன்னது எல்லாம் சரி. நான் அசடு. அந்த முடிவெட்டு இல்லாவிட்டால் என் அம்மா அவரைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டாள், நானும் இருந்திருக்க மாட்டேன் என்று யோசித்து யோசித்து மண்டை வெடிக்கிறது.

ஆனால் அவர் எழுதித் தர மாட்டேன் என்கிறார். கெஞ்சினேன். "என்னக் கொண்டு போய் எரிச்சப்பறம் என்ன வேணா பண்ணிக்க" என்கிறார். சங்கத்தில் எல்லோரும் அவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இந்த வயதில் பதினோரு குடும்பத்துக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அவருக்குப் பிறகு நானே எல்லோருக்கும் எழுதுகிறேன், இது சத்தியம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மார்ச் 14

சின்னவர் மகனுக்கு,

கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். என் அம்மா முப்பத்தொரு வருஷம் பொறுத்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில், "அவருக்கு அங்க என்னடி வேல? யாராவது கூப்பிடாமயா போயிருப்பாரு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவர் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில், கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா இறந்த அன்று நீங்கள் இருவரும் வந்தீர்கள். நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். உள்ளே விட்டிருந்தால் அவள் காதருகே குனிந்து சொல்லியிருப்பாரா? மாட்டார்.

நீ பிறந்ததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். என் அப்பா அவருடைய தம்பிக்காக ஆசையாகத்தான் நின்றிருக்கிறார். அதை உன் கடிதத்தில் படித்தபோது அழுதேன். இத்தனை வருஷத்தில் அவர் பேசி நான் கேட்ட புது வார்த்தை அது ஒன்றுதான். 'பரட்டத் தலை' என்று என்னையும் சொல்வார்.

போட்டோவை இத்துடன் அனுப்புகிறேன். உனக்காக இல்லை, உன் அப்பாவுக்காகச் சத்தியமாக இல்லை. என் அப்பா இவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து கடிதம் எழுதியவர். அவர்கள் வீட்டு ஆட்களைக் கண்டுபிடிக்க அவர் கையெழுத்து தேவைப்படுகிறது என்றால், அது அவர் வேலை. அவர் செய்யட்டும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, எல்லோரையும் பிடித்ததும் பதினோரு விலாசங்களும் எனக்கு வர வேண்டும். இரண்டு, மே 2ஆம் தேதிக்குள் உன் அப்பா கையெழுத்திட்ட தாள் வர வேண்டும். 'பிறகு' என்று சொல்வதற்கு அவருக்கு உரிமை இல்லை. நான் விழாவுக்கு வருகிறேன்.


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டார்கள், இரண்டு பேரும்! பெரியப்பா கையெழுத்து இல்லாவிட்டால் சாமி வந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

'ஊதல்: அக்காள் வீடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சைக்கிள் கடை' என்று எழுதியிருந்தார் அல்லவா? எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே இருப்பாராம், அதனால் ஊதல். தண்ணீர்த் தொட்டி இன்னும் இருக்கிறது. சைக்கிள் கடையை அக்காள் மகன் ஹெல்மெட் கடையாக மாற்றியிருக்கிறார். போட்டோவைக் காட்டினேன், மாமாவை ஒரு நொடியில் தொட்டுக் காட்டினார்.

இன்னொருவர் 'ஒல்லி'. 'மனைவிக்குப் படிக்கத் தெரியும், நேரே அவளுக்கே எழுதவும்' என்று குறிப்பு. அந்த அம்மாளுக்கு இப்போது எண்பத்தொரு வயது. மருந்துக் கடை மாடியில் மகளோடு இருக்கிறார். ஒல்லியின் கடிதங்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். அது பெரியப்பா எழுத்து என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவருக்குத் தெரியாது. புருஷன் எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

சொல்லக் கூடாதுதான், ஆனால் மறைக்கவும் கூடாது. போகிற வீடெல்லாம் ஒரே கேள்வி, "அந்த ஆளோட குடும்பம் வருதா?" அந்த அம்மாள், "அவங்க வந்தா நான் வரல" என்று கையை விரித்துவிட்டார். நான், "வரல, அவங்க வரல" என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் வந்து, யார் என்று தெரிந்து, ஒரு வார்த்தை தடித்துவிட்டால் நான் தாங்க மாட்டேன். தயவுசெய்து வர வேண்டாம் அக்கா.

நல்ல செய்தியும் இருக்கிறது. அப்பா எழுதிவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து, நான்கு தாளைக் கிழித்துப் போட்டு, ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி என்னிடம் கொடுத்தார். "நான் போனப்பறம் அவகிட்ட குடு" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன். பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பதினோரு விலாசங்களும் இத்துடன் உள்ளன. போட்டோ பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறது, விழா முடிந்ததும் அனுப்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 15

என் அப்பாவை உன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பத்திரமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நல்ல செய்தி என்று பெயர் வேறு.

அவர் கையெழுத்துப் போட மறுத்த நாள்வரை இது உன் அப்பாவின் குற்றம். இன்றிலிருந்து உன்னுடையதும்.

வருகிறேன்.


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உங்கள் காலில் விழ வேண்டும்போல இருக்கிறது.

நீங்கள் உள்ளே நுழைந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். நேராக மூன்றாம் வரிசைக்குப் போய் ஒல்லியின் மனைவிக்குப் பக்கத்தில், அத்தனை நாற்காலி காலியாக இருக்கும்போது அந்த நாற்காலியில், உட்கார்ந்தீர்கள். தொலைந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாள் உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் பதில் சொன்னீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். விழா முடியும்வரை விடவில்லை.

அப்பாவும் உங்களைப் பார்த்துவிட்டார். நான் சொல்லவில்லை, உங்கள் நெற்றி பெரியப்பாவுடையது, அதைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பெயர்களை வாசிக்கும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் எழுந்து 'உள்ளேன்' என்றார்கள். பதினோரு பெயர் முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் மைக்கை விடவில்லை. வாயைத் திறந்தார். நான் சங்கச் செயலாளர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் அவர் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிட்டது. அவரும் உட்கார்ந்துவிட்டார். கைதட்டாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

நீங்கள் நினைத்திருந்தால் எழுந்து நின்று ஒரே வார்த்தையில் எங்களை நாறடித்திருக்கலாம். செய்யவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள் என்னிடம், "உங்க அக்காவ நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு. தங்கமான பொண்ணு" என்றார். என் அக்கா என்று நீங்களே அவரிடம் சொன்னீர்களா? கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு எங்களைச் சொந்தம் என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு இருக்க வேண்டும்! போட்டோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உறை அப்படியே இருக்கிறது. வாக்கு வாக்குதான்.

உங்கள் தம்பி


மே 11

சின்னவர் மகனுக்கு,

பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எழுந்து சொல்லத்தான் வந்தேன். பன்னிரண்டாவது பெயரை நானே கூப்பிட்டு, நானே 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் அப்பா எழுதிய கடிதங்களை வைத்திருப்பவர் என்பதால்தான், வாசலில் அடையாளம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அறிக்கை நகலும் கைப்பையில் இருந்தது.

உட்கார்ந்ததும், "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். நாற்பத்தாறு வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் நான். அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம். வெள்ளை வெளேரென்று தலை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு போய்விடும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

"சின்னவர் பொண்ணு" என்றேன்.

உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பாவ நெனச்சாதான் எனக்குப் பாவமா இருக்கும். கூடப் பொறந்தவனே இப்படிப் பண்ணிட்டானேன்னு எவ்ளோ நொந்திருப்பாரு" என்றார்.

நான், "ஆமாம்" என்றேன்.

இதைத்தான் நீ மேடையிலிருந்து பார்த்தாய். 'ஆமாம்' என்று சொன்ன வாயோடு அதற்குப் பிறகு எழுந்து என்ன சொல்ல முடியும்? பேசாமல் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா வாயைத் திறந்துகொண்டு நின்றபோது, சொல்லிவிடுவாரோ என்று நானும் பயந்தேன். சொன்னால் என் பொய்யும் வெளியே வந்துவிடும். கைதட்டினார்களே, முதலில் தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து அம்மா படத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. உன் அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் இதிலிருந்து எண்ணிக்கொள்ளாதே. அவருக்கு அந்தத் 'தெரியாது' எவ்வளவு சுலபமாக வந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. சுலபம் என்று தெரிந்ததும் ஆத்திரம் கூடத்தான் செய்கிறது. இதற்குப் போயா என் அம்மா அப்படிச் செத்தாள்?

உறையை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டாம். உன் பட்டியலில் ஒல்லி வீட்டு விலாசம் இருந்தது. நேற்று அந்த அம்மாளுக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். 'அன்று நான் சொன்னது பொய். நான் சின்னவர் மகள் இல்லை, பெரியவர் மகள். உங்களிடம் இருக்கும் கடிதங்கள் என் அப்பா எழுதியவை, எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று என் அப்பாவின் கடிதம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். உன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை. அந்த அம்மாள் கேட்பார், உங்களிடம்தான் கேட்பார். என்ன பதில் சொல்வதென்று அப்பாவும் மகனும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். தெரிந்துதான் போட்டேன். என் பொய்யைத் திருத்த எனக்கு எட்டு நாள் ஆயிற்று. உன் அப்பாவைக் கேட்டுச் சொல், அவருக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமாம்?

பெரியவர் மகள்